பாலாறும் தோல் தொழிலும்: மாற வேண்டியது எது?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு பகுதிகளில் நம் சமுதாயத்தினர் பலருக்குத் தோல் தொழில்தான் வாழ்வாதாரம். அதன் கழிவுநீர்தான் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் அதையே மீண்டும் வலியுறுத்த வேண்டியிருந்தது.

ஏன் தீரவில்லை? கழிவு வெளியேறிய பின் சுத்திகரிப்பதிலேயே கவனம் இருந்தது. பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு தண்ணீரில் கரைந்துவிட்டால், பிரித்தெடுக்கச் செலவு அதிகம். பதனிடும் குரோமியத்திலும் ஒரு பகுதி தோலில் ஏறாமல் கழிவாகிறது.

ஆகவே தயாரிப்பு முறையே மாற வேண்டும். ஊறவைக்கும் முன்பே உப்பை உதறி எடுக்கலாம். குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்தலாம். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தண்ணீரில்லாமல் குரோம் பதனிடும் முறையையே உருவாக்கியுள்ளது. ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்ட பழைய முறையும் நம்மிடம் உண்டு. ஆனால் அது மெதுவானது, அதன் கழிவுக்கும் சுத்திகரிப்பு தேவை.

சிறு தொழிற்கூடங்களால் இந்தச் செலவைத் தனியாகச் சுமக்க முடியாது. அரசும், இங்கிருந்து தோல் வாங்கி லாபம் பார்க்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் பங்கேற்க வேண்டும். இல்லையெனில் பிள்ளைகளுக்குத் தொழிலும் மிஞ்சாது, தண்ணீரும் மிஞ்சாது.