ஃபர்ஸ்ட் காப்பி புரட்சியாளர்களுக்கு ஒரு கணக்கு

கொஞ்ச நாளா நம்ம மக்கள் மத்தியில ஒரு புதுப் புரட்சி நடந்துக்கிட்டு இருக்குங்க. "3000 ரூபா சட்டை, 400 ரூபாய்க்கு வாங்கினேன். ஃபர்ஸ்ட் காப்பி. வித்தியாசமே தெரியாது"ன்னு ஒருத்தர் காலரைத் தூக்கி விடுவார். "அது போலிதானே சார்?"னு கேட்டுடாதீங்க. பிராண்ட் கம்பெனிகளோட கொள்ளை, விளம்பர மாயை, முதலாளித்துவம்னு கால் மணி நேரம் கிளாஸ் எடுப்பார். கடைசியில பார்த்தா, அவர் சட்டை வாங்கினதே ஒரு வர்க்கப் போராட்டம் ஆயிடும்.

எதிர் கோஷ்டி இன்னும் மோசம். மால்ல 3000 குடுத்துட்டு, "நான் நியாயமா வாங்கறேன், தொழிலாளிக்கும் நியாயமாப் போய்ச் சேருது"ன்னு நெஞ்சை நிமிர்த்துவாங்க.

ரெண்டு கோஷ்டியும் போடறது தப்புக் கணக்கு. வரிசையா பாப்போம். டென்ஷன் ஆகறவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டு ஆகலாம் :-)

400 ரூபா சட்டை நிஜமாவே 400 ரூபாதானா?

ஒரு டி-ஷர்ட்டோட ஆயுசு அதுல இருக்கிற முதலையிலயோ குதிரையிலயோ இல்லை. துணியோட ஜிஎஸ்எம், சாயம் நிக்கிற தரம், ஃபினிஷிங், தையல், இதுலதான் இருக்கு. இது எதுவும் கடையில கண்ணுக்குத் தெரியாது. காப்பி அடிக்கிறவனுக்கோ கண்ணுக்குத் தெரியறது மட்டும்தான் மூலதனம். அதனால லோகோ எம்பிராய்டரி, டேக், கவர் எல்லாம் பக்காவா இருக்கும். துணி சுருங்காம இருக்கப் பண்ற காம்பாக்டிங் மாதிரி வேலையில கையை வச்சிருப்பான். நாலு தண்ணி பட்டதும் சைடு தையல் முறுக்கிக்கிட்டு தொப்புள் பக்கம் வந்து எட்டிப் பார்க்கும்.

ஒரு உதாரணக் கணக்கு. 400 ரூபா காப்பி 20 தடவை போட்டதும் வண்டி துடைக்கப் போகுதுன்னு வச்சுக்குவோம். ஒரு தடவைக்கு 20 ரூபா. 3000 ரூபா அசல் 100 தடவை வந்தா, ஒரு தடவைக்கு 30 ரூபா. ஆக, காப்பி ஜெயிச்சுடுச்சு, சந்தோஷமா? இருங்க. லோகோவே இல்லாத, துணி நல்லா இருக்கிற 500 ரூபா சட்டை 80 தடவை வந்தா? ஆறேகால் ரூபா. இந்த எண்ணெல்லாம் நான் சும்மா போட்டது. உங்க பீரோவைத் திறந்து உங்க எண்ணைப் போட்டுப் பாருங்க, வரிசை பெரும்பாலும் மாறாது.

இங்கதான் புரட்சியாளர் மாட்டறார். பிராண்ட் மேல அவ்வளவு வெறுப்புன்னா அந்தச் சாதா சட்டையை வாங்க வேண்டியதுதானே? வாங்க மாட்டார். ஏன்னா அவருக்கும் முதலை வேணும். மால்காரர் லோகோவுக்கு அதிகமாக் குடுக்கறார், இவர் கம்மியாக் குடுக்கறார். மத்தபடி ரெண்டு பேரும் ஒரே சாமியைத்தான் கும்பிடறாங்க.

"ரெண்டும் ஒரே ஃபேக்டரிதான் சார்"

இந்த டயலாக் கேட்டு கேட்டு காது புளிச்சுப் போச்சு. திருப்பூர்ல எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு. ஆர்டருக்கு மேல தைச்சது, வெளிநாட்டுக்காரன் ரிஜெக்ட் பண்ணினது எல்லாம் காதர்பேட்டைக்கு வரும். அது தப்பில்லை. ஆனா மிச்சம்னா அது மிச்சம் மாதிரி இருக்கணுமில்ல? ஒரு கலர் இருந்தா இன்னொண்ணு இருக்காது, எல் சைஸ் இருந்தா எம் இருக்காது. ஒரே கடையில ஆறு கலர், எஸ்லேர்ந்து டபுள் எக்ஸ்எல் வரைக்கும் எல்லா சைஸும், நெஞ்சுல பளபளன்னு லோகோவும் இருந்தா, அது மிச்சம் இல்லைங்க. அதுவே ஒரு தனி உற்பத்தி.

மால் கோஷ்டிக்கு

உங்களையும் விடப் போறதில்லை. விலை ஏறினா கூலி ஏறும்னு யார் சொன்னது? 3000 ரூபாயில கடை வாடகை, விளம்பரம், பிராண்டோட லாபம், தள்ளுபடிக்குன்னு முன்னாடியே ஏத்தி வச்சது எல்லாம் இருக்கு. தைச்ச அம்மாவோட கூலி அதுல ரொம்பச் சின்னத் துண்டு. பர்பெர்ரி கம்பெனி விக்காத சரக்கு 2 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு அழிச்சதா 2018ல அதோட ஆண்டறிக்கையே சொல்லிச்சு. பேர் கெடக் கூடாதாம், மலிவா யாரும் போட்டுடக் கூடாதாம். கண்டனம் கிளம்பின பிறகு அந்த வருஷமே நிறுத்தறதா அறிவிச்சாங்க. நீங்க லோகோவுக்குக் குடுக்கிற காசு இந்த மாதிரி வேலைக்கும்தான் போகுது.

டாக்கா பக்கத்துல சவார்ல, 2013 ஏப்ரல் 24 அன்னிக்கு ராணா பிளாசா இடிஞ்சு விழுந்துச்சே, 1,134 பேர் செத்தாங்களே, அங்க தைச்சது காப்பி சட்டை இல்லை. ஐரோப்பா, அமெரிக்கா கடைகளுக்குப் போற அசல் சரக்கு. முந்தின நாளே சுவர்ல விரிசல் விட்டிருந்தது. கட்டடத்தை விட்டு வெளிய போனவங்களை மறுநாள் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டாங்க.

அப்போ ரெண்டும் ஒண்ணா?

இல்லை. நான் இந்தப் பதிவு எழுதறதே இதுக்காகத்தான்.

ராணா பிளாசா இடிபாட்டுல ஆளுங்க என்ன தேடினாங்க தெரியுமா? உயிரோட யாராவது இருக்காங்களான்னு தேடினாங்க. கூடவே லேபிளையும் தேடினாங்க. "எங்களுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் சம்பந்தமில்லை"ன்னு முதல்ல சொன்ன பெனட்டன், அவங்க லேபிள் போட்ட துணி இடிபாட்டுல கிடந்த படம் வெளிய வந்ததும் ஒத்துக்க வேண்டி வந்தது. அடுத்த மாசமே தீ, கட்டடப் பாதுகாப்புக்கு சட்டப்படி கட்டுப்படுத்தற ஒப்பந்தம் வந்தது. 200 பிராண்டுக்கு மேல கையெழுத்துப் போட்டாங்க. நம்ம ஊர்லயும் அப்படித்தான். 2021ல திண்டுக்கல் பக்கத்துல துணி ஃபேக்டரியில வேலை பார்த்த ஒரு தலித் பொண்ணு கொலையானா. பெண்கள் தலைமையில நடக்கிற தொழிற்சங்கம் விடாம போராடி, 2022ல திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டு வந்தது. எச்&எம் அதுல கையெழுத்துப் போட வேண்டி வந்தது. எந்த பிராண்டுக்குத் துணி போகுதுன்னு தெரிஞ்சதாலதான் அந்த பிராண்டோட கழுத்தைப் பிடிக்க முடிஞ்சது.

லேபிள்ங்கறது ஒரு அட்ரஸ்ங்க. அந்தச் சட்டையைத் தைச்சவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, எந்தக் கதவைத் தட்டறதுன்னு சொல்ற அட்ரஸ். ஃபர்ஸ்ட் காப்பி பண்ற பெரிய தப்பு பிராண்ட் முதலாளியோட லாபத்தைத் திருடறது இல்லை. அவனுக்காக நான் அழப் போறதில்லை. அது அட்ரஸை மாத்தி எழுதுது. அந்த ஷெட்ல தீப்பிடிச்சா, கூலி குடுக்காம விரட்டினா, சின்னப் பசங்களை உட்கார வச்சா, சட்டையில இருக்கிற பேர் சம்பந்தமில்லாத ஒருத்தனோடது. நிஜமாத் தைக்க வச்சவன் யார்னு யாருக்கும் தெரியாது. பில் கிடையாது, ஜிஎஸ்டி கிடையாது, பி.எஃப். இருக்கான்னு கேக்க ஆளும் கிடையாது.

நொய்யல் போட்ட பில்

சாயக் கணக்கு ஒண்ணு பாக்கி. பாசனத்துக்காகக் கட்டின ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர் சாயக்கழிவு தேங்கற குட்டையாப் போன கதை உங்களுக்குத் தெரியும். விவசாயிங்க கோர்ட் கோர்ட்டா அலைஞ்சு, 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச்சு. ஒரு சொட்டுக் கழிவும் வெளிய விடக் கூடாது, சுத்திகரிச்சுத் திரும்பப் பயன்படுத்தணும்னு ஆச்சு. அதுக்குச் செலவு இருக்கு, அது ஒவ்வொரு கிலோ துணி மேலயும் ஏறும். ஒழுங்கா நடத்தறவன் அந்தச் செலவை விலையில வைக்கிறான். ராத்திரியோட ராத்திரியா ஓடையில திறந்து விடறவனுக்கு அந்தச் செலவு இல்லை, அவன் துணி மலிவு. அட்ரஸே இல்லாத சட்டை எந்தத் துணியைத் தேடிப் போகும்னு நினைக்கறீங்க? நீங்க மிச்சம் பிடிச்ச காசை ஆத்தோரத்து விவசாயி கட்டறார்.

"காசில்லாதவன் என்னய்யா பண்ணுவான்?"னு பின்னூட்டத்துல ஒருத்தர் கண்டிப்பா வருவார். அண்ணே, காசில்லாதவர் சந்தையில லோகோ இல்லாத சட்டையை எடுத்துட்டுப் போய் நிம்மதியா போட்டுக்கறார். காப்பி முதலை நம்மள மாதிரி மாசச் சம்பளக்காரங்களோட வியாதி. அதுக்கு ஏழையைக் கேடயமாப் பிடிக்காதீங்க.

என் சிபாரிசு ரொம்ப சிம்பிள். தைச்ச கம்பெனியோட நிஜப் பேரும் ஊரும் போட்ட, நெஞ்சுல எந்த மிருகமும் இல்லாத சட்டை. துணியைத் தடவிப் பாருங்க, உள்பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்க, பில் கேளுங்க. இல்லையா, தெருமுனை டெய்லர்கிட்ட தைச்சுக்குங்க. யார் தைச்சாங்கன்னு தெரியும், சரியில்லைன்னா திட்டவும் ஆள் இருக்கு.

இல்லை, எனக்கு முதலைதான் வேணும்னு அடம் பிடிச்சா தாராளமா வாங்குங்க. அதுக்குப் புரட்சின்னு மட்டும் பேர் வைக்காதீங்க.

கும்மறவங்க வரிசையா வரலாம்.