தமிழுக்கு எத்தனை கிரெடிட்?

போன வாரம் ஊர்லேர்ந்து ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தான். பி.எஸ்சி. ரெண்டாவது வருஷம். "அண்ணா, பாதியில சுவிஸ் வந்து சேர்ந்தா இதுவரைக்கும் வாங்கின கிரெடிட்டெல்லாம் அங்க செல்லுமா?"

செல்லும். செல்லாது. ரெண்டுமே சரி. விளக்கம்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் புலம்பலும் உண்டு, பொறுத்துக்குங்க மக்களே.

எனக்குத் தெரிஞ்ச தோழி ஒருத்தி சென்னையில ரெண்டு வருஷம் கணிதம் படிச்சவ. கல்யாணமாகி இங்கே வந்ததும் திரும்ப இளநிலையில சேர்ந்தா. பல்கலைக்கழகத்தோட பேர் வேணாம். கணக்கு, இயற்பியல் பேப்பர்களோட சிலபஸைப் பார்த்து ஓரளவு எடுத்துக்கிட்டாங்க. நாலு செமஸ்டர் தமிழ், நாலு செமஸ்டர் ஆங்கிலம், செமஸ்டருக்கு மும்மூணா மொத்தம் 24 கிரெடிட். அதுக்குக் கிடைச்சது? முட்டை. அதோட விட்டாங்களா? "துறைக்கு வெளியே சில பொதுப்பாடம் எடுத்தாகணும்"னு புதுசா ஒரு சுமை வேற!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவ கல்லூரியில மொத்தம் 140 கிரெடிட், இங்கே இளநிலைக்கு 180. அந்த விகிதத்துல 24ங்கிறது கிட்டத்தட்ட 31. இங்கே வருஷத்துக்கு 60. ஆக, அரை வருஷ உழைப்பு காத்தோட போச்சு.

குழப்பம் எங்கேன்னா, கிரெடிட்ங்கிற ஒரே வார்த்தைக்கு ரெண்டு ஊர்ல ரெண்டு அர்த்தம். ஐரோப்பாவுல இந்த முறை 1989ல எராஸ்மஸ் திட்டத்துல மாணவர் பரிமாற்றத்துக்காக வந்தது. 1999ல போலோனா பிரகடனத்துல சுவிஸும் கையெழுத்துப் போட்டுச்சு. இங்கே ஒரு கிரெடிட்னா மாணவனோட 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டுல படிக்கிறது, பரீட்சை எல்லாம் சேர்த்து. நம்மூர்லயோ, வாரத்துக்கு ஒரு மணி வகுப்புன்னா செமஸ்டர் முடிவுல ஒரு கிரெடிட்ங்கிறதுதான் பழகின கணக்கு. அதையும் ஒழுங்கா வச்சிருக்கோமா? என் கல்லூரியில தமிழ் வாரத்துக்கு ஆறு மணி நேரம், கிரெடிட் மூணு! நாமளே பாதி விலை போட்ட சரக்கை அடுத்தவன் எப்படி முழு விலைக்கு எடுப்பான்?

எனக்கு உறுத்துறது இதுதான். மேஜர் பாடத்துல கறாரா இருக்கிறது நியாயம். பகுப்பாய்வு முதல் பாகம் தெரியாம ரெண்டாம் பாகத்துல உட்கார முடியாது. பொதுப்பாடத்துக்கு அந்த மாதிரி படிக்கட்டு கிடையாது. புறநானூறு படிச்சவன் அடுத்து வரலாறோ தத்துவமோ படிக்கலாம், ஒண்ணும் குடிமுழுகிப் போகாது. எது சுலபமா கைமாறணுமோ, அதுதான் எல்லையிலேயே நிக்குது.

இவங்க பக்கமும் ஒரு வாதம் இருக்கு. இந்த ஊர்ல பொதுப்பாடம் விளையாட்டு இல்ல. 1895ல ஐன்ஸ்டைன் சூரிச் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வுல கணக்கு, இயற்பியல்ல பிரமாதமா செஞ்சும், பொதுப்பகுதியில தேறலை. ஆராவ் பள்ளியில ஒரு வருஷம் படிச்சிட்டு 1896லதான் உள்ளே போனார். அதே இடம், இன்னிக்கு ஈ.டி.ஹெச்., இளநிலை மாணவர்கள் மானுடவியல், சமூக அறிவியல் பக்கத்துலேர்ந்து குறைஞ்சது 6 கிரெடிட் எடுக்கணும்னு வச்சிருக்கு. (தோழி படிக்கிறது அங்கே இல்ல.) விஞ்ஞானி தன் வேலையை வெளியிலேர்ந்து பார்க்கணும்ங்கிறது நோக்கம். நல்ல நோக்கம். நம்மூர்ல மதிப்புக் கல்வின்னு ஒரு பேப்பர், பரீட்சைக்கு முந்தின ராத்திரி கைடு வாங்கி ஒப்பேத்தினோமே, அதையும் இதையும் சமம்னு சொல்ல எனக்கே வாய் வராது.

ஆனா "நோக்கம் வேற"ங்கிறதும் "பார்க்கவே மாட்டோம்"ங்கிறதும் ஒண்ணு இல்ல. 1997 லிஸ்பன் உடன்படிக்கைப்படி, ஒருத்தரோட படிப்பை ஏத்துக்க மறுக்கிற நிறுவனம்தான் பெரிய வித்தியாசம் இருக்குன்னு காட்டணும். சுவிஸ் அதுல உறுப்பு நாடு, இந்தியா இல்ல. அதனால நிரூபிக்கிற பாரம் முழுக்க நம்ம தலையில.

ஒரு முரணைப் பாருங்க. சூரிச் மாநிலத்துல அங்கீகாரம் பெற்ற தாய்மொழி வகுப்புக்குப் போற பிள்ளைங்களோட மார்க்கைப் பள்ளி ரிப்போர்ட்டுல பதியறாங்க. அந்த மொழிகள்ல தமிழும் உண்டு. இங்கேயே வளர்ற ஈழத்துப் பிள்ளை படிக்கிற தமிழுக்கு ஏட்டுல இடம் இருக்கு, தோழி கல்லூரியில படிச்ச தமிழுக்கு இல்ல!

நம்மூர்ல 2021ல கிரெடிட் வங்கி வந்தது. 2023ல வந்த தேசியக் கட்டமைப்பு வருஷத்துக்கு 1200 மணி, 40 கிரெடிட்னு கணக்கு வச்சது. அதாவது கிரெடிட்டுக்கு 30 மணி, இங்கே இருக்கிற அளவுக்குப் பக்கத்துல வந்தாச்சு. சந்தோஷம். ஆனா வங்கி சேமிச்சுத்தான் வைக்கும். எடுத்துக்கிட்டுப் போற இடத்துல இது என்ன காசுன்னு கேட்டா, பதில் சொல்ல ஒரு காகிதம் வேணுமே?

அந்தக் காகிதத்தைத்தான் கேக்கிறேன். தோழியோட மார்க்ஷீட்ல தமிழுக்கு நேரா இருந்தது "பகுதி 1"னு ஒரு வரிதான். சங்கப் பாடல் படிச்சாளா, எத்தனை மணி நேரம், கட்டுரை எழுதினாளா, ஒண்ணுமே தெரியாது. கணக்குக்கு சிலபஸைப் பிரிச்சு எழுதித் தர்ற கல்லூரி, தமிழுக்கும் ரெண்டு பக்கம் ஆங்கிலத்துல எழுதித் தந்தா என்ன? அதுக்கப்புறமும் இங்கே இருக்கிறவங்க படிச்சுப் பார்க்காம தள்ளினா, அப்போ சண்டை போடலாம், நானும் கூட வரேன்.

தம்பிக்கு எழுதின பதில் இதுதான்: ஊரை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி, தமிழ்த்துறைக்குப் போய் நாலு செமஸ்டர் பாடத்திட்டத்தையும் முத்திரையோட வாங்கிக்கோ. மொழிபெயர்த்து வச்சுக்கோ. எழுதின அசைன்மெண்ட்டைப் பழைய பேப்பர்காரன்கிட்ட போடாதே.

"தமிழுக்கெல்லாமா சிலபஸ் கேப்பாங்க?"ன்னு திருப்பிக் கேக்கிறான். கேக்க மாட்டாங்கடா, நாமதான் கேக்க வைக்கணும்.

உங்க ஊர்ல யாருக்காவது தமிழ்ப் பேப்பருக்கு கிரெடிட் கிடைச்சிருந்தா சொல்லுங்க. தோழிகிட்ட காட்டணும், அவ இன்னும் மேல்முறையீட்டை விடலை.