ஊர்ப்படமும் சேரிக் கணக்கும்

ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் இப்போது ஒரு புது வேலை கண்டுபிடித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்து நிலப்படத்தைக் கம்ப்யூட்டரில் விரித்துவைத்து உருகுகிறார்கள். 'நூறு வருஷத்துக்கு முன்னால் எவ்வளவு அழகான கிராமம்! ஏரி இருந்தது, தோப்பு இருந்தது, சத்திரம் இருந்தது.' இருக்கட்டும். அந்த ஏரியில் சேறு அள்ளியவன் எங்கே படுத்தான்? அவன் குடிசை படத்தில் எங்கே? இதைக் கேட்டால் பெருமக்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்கள்.

பதில் படத்திலேயே இருக்கிறது தோழர்களே. படிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

படம் நமக்காகப் போட்டதல்ல. 1767இல் கம்பெனிக்காரன் நில அளவையைத் தொடங்கியது பட்டாளம் நடத்தவும் வரி பிடுங்கவும்தான். அதே ஆண்டில் பர்னார்ட் செங்கல்பட்டு ஜாகீரை அளக்க ஆரம்பித்தான். 1802இல் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு ஏழரை மைல் அடிக்கோடு அளந்தான். சங்கிலி தூக்கிய கூலிகளின் பெயர் எந்தப் படத்தின் ஓரத்திலும் அச்சாகவில்லை.

மைலுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் போட்ட தாளை எடுத்துப் பாருங்கள். மஞ்சள் என்றால் சாகுபடி. சிவப்பு என்றால் குடியிருப்பு. நீலம் தண்ணீர். பழுப்புக் கோடு மேடு பள்ளம். கோயிலுக்குக் குறி உண்டு, சர்ச்சுக்கு உண்டு, மசூதிக்கு உண்டு. நிலையான குடிசைக்கு ஒரு குறி, தற்காலிகக் குடிசைக்கு ஒரு குறி. பாழடைந்த ஊருக்குக்கூட ஒரு குறி. சாதிக்குக் குறி கிடையாது. ஆனால் சாதி படம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. ஊர் ஒரு சிவப்புத் திட்டு. அதிலிருந்து ரெண்டு பர்லாங் தள்ளி, கழனிக்கு நடுவில், இன்னொரு சின்னத் திட்டு. எங்கள் ஊர்த் தாளில் அதற்குப் பெயரே போடவில்லை. ஊருக்கு ரோடு போகிறது. நமக்கு ஒற்றையடிப் பாதை.

பழுப்புக் கோட்டைப் பாருங்கள். ஐம்பதடிக்கு ஒரு கோடு. ஊருக்கும் சேரிக்கும் உயர வித்தியாசம் ஐந்தடி இருக்கும். ஐந்தடிக்குக் கோடு இல்லை. ஐப்பசி மழைக்கு அது தெரியும். முதலில் நம்ம வீட்டுக்குள்ளதான் வரும்.

இந்தப் பிரிவினையை வெள்ளைக்காரன் கொண்டு வந்தான் என்று கதை விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இராசராசன் தஞ்சைக் கோயில் கல்வெட்டு, வரியில்லா நிலத்தைக் கழிக்கும்போது ஊர் நத்தத்தைத் தனியாகவும் பறைச்சேரியைத் தனியாகவும் எழுதுகிறது. ஆயிரம் வருஷத்துக் கணக்கு இது. கம்பெனிக்காரன் அதன்மேல் அளவுச் சங்கிலியைப் போட்டான், அவ்வளவுதான்.

சரி, நமக்கு இந்தத் தாளால் என்ன லாபம்?

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், நம் மக்களுக்கு நிலமில்லை, தரிசு கேட்டால் மிராசுதாரர்கள் குறுக்கே விழுகிறார்கள் என்று 1891இல் அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் அப்படி வந்தது. பத்து ஆண்டுக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை தாளில் இருக்கிறது. நிலம் யாரிடம் இருக்கிறது? 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். பதிவுத் திருத்தத்தில் எத்தனை நிலம் மாற்றான் பேரில் ஏறியது? காரணையில் அதைத்தான் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10இல் துப்பாக்கி பதில் சொன்னது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் விழுந்தார்கள்.

எங்க ஆயா சொல்லும்: "பனந்தோப்புக்குத் தெக்கால, கல்லுக்கட்டுக் கெணத்த ஒட்டுன மேட்டு நெலம், ஒங்க பாட்டனுக்கு சர்க்கார் குடுத்ததுடா." நாங்கள் சிரிப்போம். இன்று அங்கே பனையும் இல்லை, கிணறும் இல்லை. மனைப்பிரிவுக் கல் நட்டிருக்கிறார்கள். பழைய தாளில் தேடினேன். பனைமரக் குறி இருந்தது. அதன் தெற்கே கிணற்றுக் குறி இருந்தது. ஆயா பொய் சொல்லவில்லை.

ஆனால் ஏமாந்து விடாதீர்கள். இந்தப் படம் யாருக்கு எது சொந்தம் என்று சொல்லாது. இதை மட்டும் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் வக்கீலே சிரிப்பான். படம் இடத்தைக் காட்டும். அந்த இடத்தின் சர்வே எண்ணைக் கிராம வரைபடத்தில் பிடிக்க வேண்டும். அந்த எண்ணை வைத்து அ-பதிவேட்டையும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் கேட்க வேண்டும். 'டி.சி. நிலம்' என்ற ரெண்டு எழுத்து அங்கேதான் கிடக்கும். கொடுக்க மாட்டேன் என்பார்கள். 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டம் எதற்கு இருக்கிறது?

இன்னொரு அவசரமும் இருக்கிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. இழிவுப் பெயரை நாம் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் பெயரோடு சேர்த்து எல்லையையும் அழித்துவிட்டால்? நாளைக்கு 'இங்கே சேரியே இருந்ததில்லை, சுடுகாட்டுப் பாதையே இருந்ததில்லை' என்பான். பெயரை மாற்று. நிலத்தை மாற்றாதே. இருந்தோம் என்பதற்குச் சாட்சி பழைய தாள்.

கடலோரத் தாள்களைப் பாதுகாப்பு ரகசியம் என்று வெகுகாலம் பூட்டி வைத்தார்கள். 2005இல் நிலப்படக் கொள்கை மாறியது. 2017 முதல் புதிய தாள்களை இணையத்தில் இலவசமாகவே இறக்கலாம். பழைய தாள்கள் சில வெளிநாட்டு நூலகங்களின் தளங்களில் கிடைக்கின்றன. மாணவத் தோழர்களே, இறக்குங்கள். பெரிதாக அச்செடுங்கள். சேரித் திண்ணையில் விரித்து, எழுபது வயது தாண்டியவர்களை முதலில் உட்கார வையுங்கள். அவர்கள் பேசட்டும். நீங்கள் பென்சிலை எடுங்கள். சுடுகாடு, பாதை, கிணறு, மேய்க்கால், பஞ்சமி நிலம் எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு அந்தப் பாதையில் நடந்து பாருங்கள். எங்கே வேலி குறுக்கே நிற்கிறதோ அங்கே நம் வேலை தொடங்குகிறது.

ஆயாக்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். சீக்கிரம் செய்யுங்கள்.