கழுவினால் தீருமா நஞ்சு?

சுத்தம் என்பது நல்ல சொல். நல்ல சொல்லின் பின்னே ஒளிந்துகொள்வது தீயவர்களின் பழைய வழக்கம். இன்று அந்தச் சொல்லின் பின்னே ஒளிந்துகொண்டு மலைநாட்டிலே புகுந்து வருவது மின்சிகரெட்டு என்னும் கருவி.

இளைஞர் "வேப்" என்று அழைக்கும் இக்கருவியை விற்போர் ஒரு புதிய உபதேசம் செய்கின்றனர். "இது ஒருமுறை பிடித்து எறியும் பொருள் அன்று, மின்னேற்றி, திரவம் ஊற்றி, மாதக் கணக்கில் பாவிக்கலாம். உறுப்புக்களைக் கழுவிச் சுத்தமாக வைத்திருந்தாற் போதும், ஒரு கேடும் வராது" என்பதே அந்த உபதேசம். கொழும்புக் கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் உழைத்துவிட்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் திரும்பி வரும் நம் பிள்ளைகளுள் சிலர், இக்கருவியையும் இந்த உபதேசத்தையும் ஒரே சட்டைப்பையிற் போட்டுக்கொண்டு வருகின்றனர்.

நாம் சுத்தத்துக்குப் பகைவர் அல்லேம். ஆனால் சுத்தத்தின் பெயரால் நஞ்சு விற்கப்படுவதையும், விற்பவன் தப்பித்துக்கொள்ள வாங்கியவன் தலையிலே பழி சுமத்தப்படுவதையும் கண்டு வாளாவிருக்க நம்மால் இயலாது. ஆகவே இந்த உபதேசத்தைக் கூண்டிலே நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்வோம்.

எதைக் கழுவலாம்?

முதலில் உபதேசத்திலுள்ள உண்மையை ஒப்புக்கொள்வோம். இக்கருவிக்கு வாய்முனை ஒன்று உண்டு. திரவம் நிற்கும் குப்பி உண்டு. ஒழுகாமல் தடுக்கும் இறப்பர் வளையங்கள் உண்டு. திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருளும், அச்சுருளுக்குத் திரவத்தை ஊட்டும் பஞ்சும் உண்டு. எல்லாவற்றுக்கும் சக்தி தரும் மின்கலம் உண்டு.

வாய்முனையிலே எச்சில் படிகின்றது. சட்டைப்பையின் தூசு ஒட்டுகின்றது. இனிப்புத் திரவம் பசைபோலத் திரள்கின்றது. ஒருவன் வாயில் வைத்ததை நால்வர் மாறிமாறி வைத்தால், ஒருவன் தொண்டைக் கிருமி நால்வருக்கும் சொந்தமாகின்றது. ஆகவே கருவி வைத்திருப்பவன் வாய்முனையைப் பிறர்க்குக் கொடுக்கலாகாது. மின்கலத்தைக் கழற்றி வைத்த பின்னரே மற்றவற்றைத் தொட வேண்டும். வாய்முனையையும் குப்பியையும் வளையங்களையும் இளஞ்சூட்டு நீரிலே சிறிது சவர்க்காரமிட்டுக் கழுவி, சவர்க்கார வாடை அறவே போகும்வரை அலசி, முற்றாக உலர்த்த வேண்டும். நுவரெலியாப் பனியிலே ஓர் இரவில் உலராதது மறுநாளும் உலரட்டும். ஈரத்தோடு பூட்டுவது கழுவாமல் விடுவதிலும் நன்றன்று. மின்கலத்தில் நீர் படலாகாது; உலர்ந்த துணியே அதற்குப் போதும். அதன் மேலுறை கிழிந்திருந்தால் மீண்டும் பாவிக்கலாகாது.

எஞ்சிய திரவத்தைப் பீலிக்கரையிலே ஊற்றலாகாது. பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவும் ஆகாது. அதிலுள்ள நிக்கொட்டின் யாது? ஒரு காலத்தில் பூச்சிகொல்லியாகப் பயிருக்குத் தெளிக்கப்பட்ட பொருள் அது. ஈரமான புகையிலை இலையை வெறுங்கையாற் பறிப்பவனுக்குத் தலை சுற்றலும் வாந்தியும் வருவது அது தோல் வழியாக உடலிலே ஊறுவதால்தான். பயிர் செய்யும் நம் வாசகர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை. குப்பியைக் கழுவும் கையும் அந்த நஞ்சைத் தொடும் கையே.

எதைக் கழுவ முடியாது?

உபதேசத்தின் உண்மை இத்துடன் முடிகின்றது. வாய்முனையைக் கழுவலாம். பஞ்சை எப்படிக் கழுவுவது? திரவத்தில் ஊறி, சூட்டிற் கருகிய பஞ்சை எந்தச் சவர்க்காரமும் புதிதாக்காது. அதனை வீசிவிட்டுப் புதிய சுருளும் புதிய பஞ்சும் இட வேண்டும். நாட்கூலியில் வாழ்பவன் அச்செலவைத் தள்ளிப் போடுவான். கருகியதையே மீண்டும் மீண்டும் சூடாக்குவான்.

புதியதை இட்டால் மட்டும் தீர்ந்ததா? 2018ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர், மீண்டும் திரவம் ஊற்றிப் பாவிக்கும் கருவிகளின் ஆவியைச் சோதித்தனர். ஈயம், குரோமியம், நிக்கல், மங்கனீசு ஆகிய உலோகங்களை அதிலே கண்டனர். குப்பியில் ஊற்றுவதற்கு முன் திரவத்தில் மிகக் குறைவாக இருந்த உலோகம், சூடேறிய சுருளைத் தொட்ட பின் பன்மடங்கு பெருகியிருந்தது. சுருள் அழுக்காக இருந்ததால் அல்ல; சுருள் உலோகமாக இருந்ததால்!

இன்னும் கேளுங்கள். 2019ஆம் ஆண்டு ஹார்வார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர், அமெரிக்கச் சந்தையில் விற்பனையான 75 மின்சிகரெட்டுப் பொருள்களைச் சோதித்தனர். 17 பொருள்களிலே பற்றீரியாவின் நச்சுக்கூறும், 61 பொருள்களிலே பூஞ்சணத்தின் கூறும் இருந்தன. எவரும் வாயில் வைக்காத புதிய பொருள்கள் அவை! செய்யப்படும்போதே மாசு புகுந்திருக்கக்கூடும் என்றும், பஞ்சுத் திரி அதற்கு ஒரு வழியாக இருக்கலாம் என்றும் ஆய்வாளர் கருதினர். வாங்கியவன் கழுவத் தொடங்கு முன்னரே உள்ளே குடியேறிவிட்ட மாசுக்கு, வாங்கியவன் சோம்பலா காரணம்?

அமெரிக்காவிலே 2019இல் தொடங்கி 2020 பெப்ரவரி வரையில் மின்சிகரெட்டினால் நுரையீரல் பழுதுற்று 2,807 பேர் மருத்துவமனை சென்றனர். 68 பேர் மாண்டனர். பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த திரவங்களிலே சேர்க்கப்பட்ட வைற்றமின் ஈ அசற்றேற்று என்னும் எண்ணெய்ப் பொருளே முதன்மைக் காரணம் என்று கண்டறிந்தனர். அந்த 68 பேரும் வாய்முனையைக் கழுவாமல் மாண்டவர் அல்லர். குப்பிக்குள்ளே யாது இருந்தது என்பதை அறியாமல் மாண்டவர்கள்.

பிரித்தானியா சொல்லவில்லையா?

"பிரித்தானிய அரசின் வைத்தியரே சிகரெட்டை விட இது கேடு குறைந்தது என்று சொல்கின்றனரே!" என்று சில கற்றவர் வாதிடக்கூடும். சொல்கின்றனர், மறுக்கவில்லை. முப்பது ஆண்டு சிகரெட்டுப் பிடித்தவன் அதனை விடுவதற்கு ஒரு கைத்தடியாக இது உதவலாம் என்பது அவர்கள் கருத்து. ஆனால் அந்நாட்டிலே திரவத்தின் நிக்கொட்டின் அளவுக்கு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் என்ற எல்லை உண்டு. பொருளைப் பற்றி முன்கூட்டியே அரசுக்கு அறிவித்தாக வேண்டும். பழக்கத்தை விடுவிக்கும் அரசாங்க நிலையங்கள் உண்டு. அவ்வளவும் இருந்தும், பிள்ளைகள் கையிலே கருவி பெருகியதைக் கண்டு, ஒருமுறைக் கருவிகளின் விற்பனையை 2025 ஜூன் முதலாந் தேதி தொட்டு அந்நாடு தடை செய்தது.

இங்கே நம் பிள்ளை வாங்கும் குப்பிக்கு எல்லை உண்டா? அதனைச் சோதித்த அதிகாரி உண்டா? அதன் சீட்டிலே அவன் வாசிக்கக்கூடிய தமிழ் எழுத்து ஒன்றாவது உண்டா? சிகரெட்டையே தொட்டறியாத பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கைத்தடி எதற்கு? நல்ல கால் உடையவனுக்குக் கைத்தடி விற்று, பின்னர் அவனை முடவனாக்குவது வைத்தியம் அன்று, வியாபாரம்.

நாம் கண்ட பழைய கதை

"சுத்தமாக இரு" என்ற உபதேசம் மலைநாட்டுக்குப் புதிதன்று. 1916ஆம் ஆண்டு அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொக்கிப் புழு நோயை ஒழிக்கும் வேலையைத் தொடங்கினர். மருந்து கொடுத்தனர், புழு விழுந்தது. ஆனால் மருந்துண்ட தொழிலாளி மலசலகூடம் இல்லாத லயத்தைச் சுற்றியிருந்த அதே மண்ணிலே வெறுங்காலோடு நடந்தான். புழு மீண்டும் பாதத்தின் வழியே ஏறியது. மலசலகூடம் கட்டாமல் நோய் தீராது என்று வைத்தியர் கூறினர். செலவை எண்ணித் தோட்டச் சொந்தக்காரர் பின்வாங்கினர். பழி யார் மீது விழுந்தது? "கூலிகளுக்குச் சுத்தம் தெரியாது" என்று தொழிலாளியின் மீதே விழுந்தது.

நூறாண்டு கழிந்தும் வாதத்தின் வடிவம் மாறவில்லை. அன்று மலசலகூடம் கட்டாதவன் தொழிலாளிக்குச் சுத்தம் போதித்தான். இன்று குப்பிக்குள் யாது உளது என்று சொல்லாதவன் அவன் மகனுக்குச் சுத்தம் போதிக்கின்றான்.

போதிப்பவன் லயத்தைக் கண்டதுண்டா? ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள். ஒரு பீலியிலே பலர் நீர் எடுக்கும் வரிசை. சமைப்பதும் உண்பதும் உறங்குவதும் குழந்தை தவழ்வதும் ஒரே காம்பிராவில். அங்கே நச்சுத் திரவத்தைப் பிரித்து வைக்க எந்த மூலை உண்டு? இரவெல்லாம் மின்னேற்ற விட்ட மட்டமான மின்கலம் ஒன்று வெடித்தால், ஒரு காம்பிராவோடு நிற்குமா தீ? லயத்திலே தீப் பிடித்தால் வரிசை முழுவதும் சாம்பலாவதை மலைநாடு எத்தனை முறை கண்டுவிட்டது!

சட்டம் எங்கே?

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையை நிறுவியது. 21 வயது நிரம்பாதவர்க்குப் புகையிலைப் பொருள் விற்பதைக் குற்றமாக்கியது. அதன் கீழ் 2016இல் வெளியான விதி, மெல்லும் புகையிலைப் பொருள்களையும், சுவையூட்டிய சிகரெட்டையும், புகையிலை அடங்கிய மின்சிகரெட்டையும் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடுத்தது. ஆகவே அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறோம்.

ஆனால் "புகையிலை அடங்கிய" என்ற அடைமொழியைச் சட்டம் கற்றோர் கவனிக்கட்டும். குற்றவியற் சட்டத்தின் சொல்லை இறுக்கமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்பதும், ஐயம் எழுந்தால் அதன் பயன் எதிரிக்கே என்பதும் நீதிமன்ற மரபு. "என் குப்பியில் இருப்பது இரசாயன நிக்கொட்டின், புகையிலை இல்லை" என்று வியாபாரி வாதாட அச்சொல் வாசலைத் திறந்து வைத்துள்ளது. இந்தியா 2019இல் இயற்றிய சட்டமோ, நிக்கொட்டின் இருப்பினும் இல்லாவிடினும், பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்கும் ஆவியாக்கும் மின்கருவி எதுவாயினும் தடை என்று வரையறுத்து அந்த வாசலை அடைத்துவிட்டது.

சொல்லைத் திருத்தினால் மட்டும் போதாது. அதே 2016ஆம் ஆண்டு விதி மெல்லும் புகையிலைப் பொருளையும் தடுத்ததே. தோட்டத்து வெற்றிலைப் பையிலிருந்து புகையிலை மறைந்ததா? புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தருவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004இல் அறிவித்ததைத் தோட்டத்துத் தாய்மாருக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்? தடை காகிதத்திலே, பொருள் கடையிலே, நோய் நம் வாயிலே!

நாம் கேட்பது

விதியின் சொல்லைத் திருத்துங்கள். புகையிலையோடு நிக்கொட்டினையும் கருவியையும் பெயர் சொல்லித் தடுத்து வையுங்கள். துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் பெட்டி பெட்டியாக இறக்குபவனை முதலிற் பிடியுங்கள். ஹற்றன் பஸ் நிலையத்திலே ஓர் ஏழைப் பிள்ளையின் சட்டைப்பையைத் துழாவிப் படம் எடுத்துக்கொள்வது சட்டத்தை நிறைவேற்றுவது ஆகாது. கருவி வைத்திருப்பவன் செய்யத்தக்கதையும் தகாததையும், நஞ்சு தோலிற் பட்டால் செய்ய வேண்டியதையும் எளிய தமிழில் அச்சிட்டுத் தோட்ட மருந்தகந்தோறும் ஒட்டுங்கள். பழக்கத்துக்கு அடிமையானவனைக் குற்றவாளியாக்காமல் நோயாளியாகக் கருதி, அவன் மொழியிலே உதவுங்கள்.

புகைப் பழக்கத்தை விட விரும்புவோர்க்கு அதிகார சபை அளித்துள்ள தொலைபேசி இலக்கம் 1948. மலைநாட்டுத் தமிழன் மறக்க முடியாத எண் அது. அவனை நாடற்றவனாக்கிய குடியுரிமைச் சட்டத்தின் ஆண்டும் அதுவே. அந்த 1948 அவன் குரலைப் பறித்தது. இந்த 1948 ஆவது அவன் குரலைத் தமிழிலே கேட்டுத் தமிழிலே மறுமொழி சொல்லட்டும்.

தோட்டத்துத் தாய்மாருக்கும் தந்தைமாருக்கும் ஒரு சொல். பிள்ளையின் கையிலே கருவியைக் கண்டால் அடிக்காதீர்கள். ஒளித்துப் பிடிக்கக் கற்றுக்கொள்வான். இன்றைக்கு அதனைப் பிறர்க்குக் கொடாமலும், குழந்தை கைக்கு எட்டாமலும், உறங்கும் வேளையில் மின்னேற்றாமலும் வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு விட்டுவிடச் சொல்லுங்கள். ஆசிரியரும் வைத்தியரும் வழக்கறிஞரும் ஆகிய நம்மவர் அவன் அருகே நிற்கட்டும்.

வாய்முனையைக் கழுவுவது இரண்டு நிமிட வேலை. அதனை நம் பிள்ளை செய்துகொள்வான். சட்டத்திலுள்ள ஓட்டையையும், சந்தையிலுள்ள களவையும், லயத்திலுள்ள இழிவையும் கழுவுவது அரசின் வேலை. அதனைச் செய்யும்வரை மலைநாட்டுக்குச் சுத்தம் போதிக்க எவருக்கும் உரிமை இல்லை.