விற்ற பிறகு வரும் வில்லங்கம்

பழைய வாஷிங் மெஷினை ஆன்லைனில் விளம்பரம் செய்து விற்றாயிற்று. பணமும் கைக்கு வந்துவிட்டது. மூன்றாம் நாள் போன் வருகிறது: ‘மெஷின் ஓடவே இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுங்க!’

பதற்றத்தில் உடனே சம்மதிக்கவும் வேண்டாம், சண்டைக்குப் போகவும் வேண்டாம். முதலில் பழுதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வண்டியில் ஏற்றி இறக்கியபோது பட்ட அடியா, பழைய கோளாறா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லலாம்.

பொருளைச் சோதித்து வாங்குவது வாங்குபவரின் பொறுப்பு என்பதே சட்டத்தின் பொது விதி. ஆனால், தெரிந்த குறையைப் பொய் சொல்லி மூடி விற்றால் அது மோசடி. குறை நம் பக்கம் என்றால், ரிப்பேர் செலவை ஏற்பதுதான் நியாயம். பணத்தைத் திருப்புவதாக முடிவானால், பொருளைப் பெற்று, ஓட்டிப் பார்த்த பிறகே கொடுங்கள்.

‘தவறுதலா கூடுதலா அனுப்பிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்க’ என்றால் உஷார்! மெசேஜை நம்பாமல் வங்கிக் கணக்கைப் பாருங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. அதைப் போடச் சொன்னால், போவது உங்கள் பணம்தான். ஏமாந்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

இந்தத் தலைவலியே வராமலிருக்க, கீறல் முதல் ரிப்பேர் வரை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். பொருளைக் கொடுக்கும்போது ஓடவிட்டு வீடியோ எடுங்கள். ‘சரிபார்த்து வாங்கிக்கொண்டேன்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். நாளை பேச்சு மாறினாலும், அந்த வரி மாறாது.