மணலில் ஊன்றிய கூட்டறிவு

பல பண்பாட்டினர் ஒன்றுகூடி ஒன்றை வடிவமைத்தால் புதுமை தானே பிறக்கும் என்பர். அவ்வாறு தானே பிறப்பதில்லை என்பதே என் கருத்து.

திருவரங்கத் தீவின் மேற்குத் தலைப்பில், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் உள்ள மேலணையை எண்ணிப் பார்ப்போம். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. நீர் அவ்வழியே ஓடிவிட, காவிரி மணல்மேடிட்டது. தஞ்சைக் கழனிகளுக்கு நீர் குறைந்தது. 1830களில் அங்கு அணைகட்ட வந்த ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டனிடம் அளவைக் கருவிகளும் கணக்கும் இருந்தன. ஆழங்காண முடியாத மணலில் அடித்தளமிடும் வித்தையோ கல்லணையில் இருந்தது. மணல்மீது இட்ட பெரும்பாறைகள், நீர் அரிக்க அரிக்க அமிழும். அவற்றின்மேல் மேன்மேலும் பாறைகளை அடுக்க, அடித்தளம் அசையாது நிலைபெறும்.

ஆளும் இனத்தவர் என்னும் செருக்கு காட்டனின் கண்ணை மறைத்திருந்தால், இரண்டு அறிவும் தனித்தனியே கிடந்திருக்கும். அவரோ கற்றார், இம்மண்ணின் மக்களிடம் கற்றதாக வெளிப்படையாக எழுதியும் வைத்தார். அதுதான் அரிது! இன்றைய வடிவமைப்புக் குழுக்களிலும் வழி சொன்னவர் ஒருவராகவும், வரைபடத்தில் பெயர் பெறுபவர் மற்றொருவராகவும் இருப்பதைக் காண்கிறோம்.

கற்ற பாடத்தைக் காட்டன் கோதாவரிக்கும் கொண்டு சென்றார். அங்குத் தவளேஸ்வரத்தில் அவர் பெயரில் அருங்காட்சியகம் உள்ளது. முக்கொம்பில் அவரோடு நின்று கல்லிறக்கியோரின் பெயர்களை நாம் அறியோம்.