பல்லைப் பிடித்துப் பார்க்கும் கலை

சென்ற இதழில் நண்பர் ஒருவர் ‘ஆர்ஃபன்’ படத்தைப் பற்றி எழுதியிருந்தார். 2009-ல் வந்த அமெரிக்கப் படம். இயக்கியவர் ஸ்பெயின் நாட்டவரான ஜௌமே கொலே-ஸெரா. நண்பரின் வாதம் சுருக்கமாக இதுதான்: குடும்பம் என்கிற புனித ஸ்தாபனத்தை இந்தப் படம் உள்ளிருந்து உடைக்கிறது, குழந்தை என்றாலே களங்கமின்மை என்ற அசட்டுக் கற்பனையைக் கிழிக்கிறது. தத்துப் பிள்ளைகள் மீது அவதூறு என்று கூச்சல் போடுகிறவர்கள் முடிவைக் கவனிக்காதவர்கள். ஏனென்றால் கடைசியில் எஸ்தர் குழந்தையே இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படத்தையும் இரண்டாம் முறை பார்த்தேன். கூச்சல் போடுகிறவர்களில் ஒருவனாகவே இதை எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதை. மூன்றாவது பிரசவத்தில் குழந்தை இறந்தே பிறந்த துக்கத்தில் இருக்கும் தம்பதி, அநாதை விடுதியிலிருந்து எஸ்தர் என்ற ஒன்பது வயசுப் பெண்ணை அழைத்து வருகிறார்கள். நன்றாகப் படம் வரைகிறாள். பெரியவர்களிடம் மரியாதையாக நடந்துகொள்கிறாள். பிறகு கொலை செய்யத் தொடங்குகிறாள். அவள் உண்மையில் 33 வயசுப் பெண், சுரப்பிக் கோளாறினால் வளர்ச்சி நின்றுபோனவள், எஸ்தோனியாவில் ஒரு மனநோய் மருத்துவமனையிலிருந்து தப்பி வந்தவள் என்பது கடைசியில் அவிழும் முடிச்சு.

என் கேள்வி ஒன்றுதான். முடிச்சு அவிழும்வரை இந்தப் படம் எதை எரித்து ஓடுகிறது? கொட்டகையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அவள் வயசு தெரியாது. ஆனாலும் அவள் கதவைச் சாத்தினால் அவனுக்குத் திக்கென்கிறது. அந்தத் திக் எங்கிருந்து வந்தது? ‘யார் பெற்றதோ, எந்த ரத்தமோ’ என்று அவன் வீட்டிலிருந்தே மடியில் கட்டிக்கொண்டு வந்தது அது. இயக்குநர் பயத்தைச் சிருஷ்டிக்கவில்லை. பார்வையாளனின் பழைய சந்தேகத்தைக் கடன் வாங்குகிறார். கடைசியில் கடனை வட்டியோடு திருப்பித் தருகிறார்: நீ சந்தேகப்பட்டது சரி, நீ நினைத்ததைவிடவும் சரி என்று. அந்த முடிவு அவதூறை வாபஸ் வாங்கவில்லை. அதற்கு முத்திரை குத்துகிறது.

குடும்பம் உடைகிறதாம்! படம் முடியும்போது யார் மிஞ்சுகிறார்கள் என்று நண்பர் எண்ணிப் பார்த்தாரா? தகப்பன் சாகிறான். தாயும் அவள் வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் பிழைக்கிறார்கள். உறைந்த குளத்தில், காலைப் பிடித்துக் கெஞ்சும் எஸ்தரை, நான் உன் அம்மா இல்லை என்று சொல்லி அந்தத் தாய் முகத்தில் உதைத்துத் தள்ளுகிறாள். கொட்டகை நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டிய இடம் அது. எடுத்து வளர்க்கப்படும் எந்தப் பிள்ளையும் இரவில் கேட்டுவிடக் கூடாதே என்று பயப்படும் ஒரே வாக்கியத்தை, இந்தப் படம் நமக்கு விடுதலையாகப் பரிமாறுகிறது. உடைக்கப்பட்டது எதுவும் இல்லை. வெளியாள் வெளியேற்றப்பட்டாள், ரத்தம் ரத்தத்தோடு சேர்ந்தது, சுபம்.

இதில் புதுமையும் இல்லை. 1956-ல் ‘த பேட் ஸீட்’ படத்தில் கொலைகாரச் சிறுமியின் தாய், தானே ஒரு கொலைகாரி பெற்ற தத்துப் பிள்ளை என்று கண்டுபிடிக்கிறாள். விஷம் ஒரு தலைமுறை தாண்டி வந்ததாம். 1976-ல் ‘த ஓமன்’ படத்தில் இறந்த சிசுவுக்குப் பதிலாக வைக்கப்பட்ட பிள்ளை சாத்தானின் பிள்ளை. அதே பழைய சரக்கு. ‘ஆர்ஃபன்’ படத்தின் விளம்பரத் துணுக்கில், தத்துப் பிள்ளையைச் சொந்தப் பிள்ளை அளவுக்கு நேசிப்பது கஷ்டமாயிருக்கும் என்ற பொருளில் ஒரு வசனம் இருந்தது. அமெரிக்காவில் எதிர்ப்பு கிளம்பியதும் அதை எடுத்துவிட்டார்கள். வசனத்தை எடுத்தார்கள், படத்தை எடுத்த மனோபாவத்தை யார் எடுப்பது?

வெறும் படம்தானே என்பது விமர்சகன் சொல்லக்கூடிய பதிலல்ல. இந்தியானா மாநிலத்தில் ஒரு தம்பதி, உக்ரைனில் பிறந்த, பிறவியிலேயே வளர்ச்சிக் குறைபாடு கொண்ட ஒரு சிறுமியை 2010-ல் தத்து எடுத்தார்கள். இவள் குழந்தையல்ல, வேஷம் போடும் பெரியவள் என்றார்கள். 2012-ல் கோர்ட் அவள் பிறந்த வருஷத்தை 2003-லிருந்து 1989 என்று மாற்றியது. 2013-ல் அவளைத் தனியாக ஒரு குடியிருப்பில் வைத்துவிட்டுக் குடும்பம் கனடா போனது. பிறகு வந்த வழக்கில் யாருக்கும் தண்டனை ஆகவில்லை. 2023-ல் வெளிவந்த மரபணுச் சோதனை அவளுக்குச் சுமார் 22 வயசு என்றது. அதாவது தனியாக விடப்பட்டபோது அவள் குழந்தை. இதற்குப் படம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2019-ல் இந்தச் செய்தி உலகமெங்கும் பரவியபோது, அவளைப் பற்றி எழுதியவர்களுக்கு முதலில் கைக்கு வந்த உவமை எஸ்தர்தான்.

எங்கள் ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. வாங்குகிறவன் ஆட்டின் வாயைத் திறந்து, ரெண்டு பல்லா, நாலு பல்லா என்று பார்த்துத்தான் விலை பேசுவான். ஆட்டுக்கு அது சரி. எஸ்தரின் வயசும் பல்லில்தான் வெளிப்படுகிறது. பொய்ப்பல்லைக் கழற்றி வைக்கிறாள். பிள்ளையின் வாயையும் திறந்து பார் என்று சொல்லிக் கொடுக்கும் கலையை நண்பர் நவீனம் என்கிறார்.

இனி, சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது என்பதால் சொல்கிறேன். எங்கள் மகள் ஆறு வயசில் எங்களிடம் வந்தவள். தத்து எடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கைக்குழந்தைதான் கேட்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகள் விடுதியிலேயே தங்கிவிடுகிறார்கள். அவள் வந்த இரண்டாம் மாதம் அவள் தலையணை உறைக்குள் பிஸ்கட்டுகள் இருந்தன. ஊரிலிருந்து வந்திருந்த என் பெரியம்மா மகன் அதைப் பார்த்துவிட்டு, என்னைத் திண்ணைக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பெரிய பிள்ளையா எடுத்துட்டியேடா. அந்த இங்கிலீஷ் படம் பாத்தியா?”

விடுதியில் வளர்ந்த பிள்ளைகள் நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று தின்பண்டத்தைப் பதுக்குவார்கள் என்பது அண்ணனுக்குத் தெரியாது. தெரியாதது குற்றமில்லை. அந்த இடத்தில் வைத்துப் பார்க்க அவரிடம் இருந்தது ஒரு படம் மட்டுமே என்பதுதான் விஷயம். ஒளித்து வைக்கும் ஒரு குழந்தையின் கையில் பசியைக் காண்பதா, சதியைக் காண்பதா என்று கலைதான் கண்ணுக்குப் பழக்குகிறது.

வேறு பழக்கமும் நம்மிடம் இருந்தது. விவிலியத்தின் எஸ்தரே தாய் தகப்பன் இல்லாமல், மொர்தெகாய் எடுத்து வளர்த்த பெண். தன் ஜனத்தைக் காப்பாற்றியவள். நம் வட்டத்தில் எஸ்தர் என்றால் வண்ணநிலவனின் எஸ்தர் சித்தி. காட்பாடியிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய வள்ளிமலையில், கிழங்கெடுத்த குழியில் கிடந்த சிசுவை நம்பிராஜன் தூக்கி வளர்த்த கதையைக் கேட்டு யாரும் பயந்ததில்லை. 2002-ல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ வந்தது. அதன் மழை, கண்ணீர் ஜோடனையெல்லாம் எனக்குப் பிடிக்காது. ஆனால் அதில் கேள்வி கேட்கிறவள் குழந்தை. தேடிப் போகிறவள் குழந்தை. காமிரா அவளை வேவு பார்க்கவில்லை, அவள் கூடவே நடக்கிறது. அந்த ஒரு காரியத்துக்காக அதன் குறைகளை நான் பொறுத்துக்கொள்வேன்.

இப்போது தலையணை உறையில் பிஸ்கட் இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை. நாங்கள் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தோம்.

நண்பர் ஒடுகத்தூர் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும். படத்தைப் பற்றி மட்டும் அவள் தூங்கிய பிறகு பேசுவோம்.